ஊர் சுற்றும் பூனை: அடைத்து வைப்பதா, அவிழ்த்து விடுவதா, ராத்திரி மட்டும் பூட்டுவதா?

மூன்று நாள் காணாமல் போய், நாலாம் நாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து கத்தும் பூனையை வைத்திருப்பவருக்கு ஐந்து வழி இருக்கிறது. முழுக்க வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். கம்பிவலை அடித்த பால்கனி வரைக்கும் விடலாம். பகலில் வெளியே விட்டு ராத்திரி பூட்டலாம். மார்பு வார் மாட்டி நாமே கூட்டிப் போகலாம். இஷ்டத்துக்கு விட்டுவிட்டுக் கழுத்தில் டிராக்கர் கட்டலாம். சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவருவது ஆறாவது வழி அல்ல. பசியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தெருவைப் பார்த்த தனி வீடு என்றால் ராத்திரி பூட்டுவது. அடுக்குமாடி என்றால் கம்பிவலை பால்கனி. பூனை எங்கே போகிறது என்று துரத்திக்கொண்டிருப்பதைவிட, எந்த நேரத்தில் அது வீட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் பாதிக் கவலை தீரும். ஆனால் எந்த வழியானாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

கருத்தடை செய்யாமல் எதுவும் நடக்காது

வாரக்கணக்கில் மறைந்துபோகும் பூனையை விசாரித்தால் பெரும்பாலும் கருத்தடை செய்யாத கடுவனாகத்தான் இருக்கும். பெட்டை 4 முதல் 6 மாதத்துக்குள் பருவத்துக்கு வரும். சினையாகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ராத்திரி முழுக்கக் கத்தும். அந்தக் குரலுக்கும் வாசனைக்கும் நாலு தெரு தள்ளியிருக்கும் கடுவன்கள் வரும், வந்த இடத்தில் சண்டை போடும். சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். "ஒரு ஈத்து முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடுவனுக்கு அறுவை சின்னது. பெரும்பாலும் தையலே இருக்காது, ஒன்றிரண்டு நாளில் பழையபடி நடமாடும். பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். பத்து நாள் வெளியே விடாமல், காயத்தை நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டி வைத்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள். குட்டியையும் வளர்ந்த பூனையையும் ஒரே கணக்கில் பட்டினி போடக் கூடாது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு தனியாரைவிடக் குறைவு, கூட்டம் அதிகம்.

இரண்டு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அறுவை முடிந்த மறுநாளே கடுவன் வீட்டோடு அடங்கிவிடாது. உடம்பிலுள்ள ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும், அதுவரை சினைப்படுத்தவும் முடியும். வயதாகி, சுற்றிப் பழகிய பிறகு செய்தால் பழக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அடுத்தது, கருத்தடைக்குப் பிறகு பூனைக்குப் பசி கூடும், தேவை குறையும். தட்டில் கால் பங்கைக் குறைக்காவிட்டால் ஆறே மாதத்தில் உருண்டுவிடும்.

தடுப்பூசியும் இதே கட்டத்தில்தான். மூன்று வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3–4 வார இடைவெளியில், 16 வார வயதைத் தாண்டும் வரை. ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்கு மேல், பிறகு ஆண்டுதோறும். வெளியே போய் எலி தின்னும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து வேண்டும், அதில் நாடாப்புழுவுக்கான மருந்தும் சேர்ந்திருக்க வேண்டும்.

முழுக்க உள்ளே வைத்தால்

தெருநாய், வண்டி, எலி விஷம், கடுவன் சண்டை என்று எல்லா ஆபத்தும் ஒரே கதவோடு நின்றுவிடும். குட்டியிலிருந்தே உள்ளே வளர்ந்த பூனைக்கு இது சிரமமே இல்லை. சிரமம், இரண்டு வருஷம் மதில் மேல் திரிந்துவிட்டு திடீரென்று அடைபட்ட பூனைக்கு. இரண்டு முதல் நாலு வாரம் கதவைப் பிறாண்டும், விடியற்காலையில் கத்தும். பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் ஒரு தடவை திறந்துவிட்டீர்களோ, பத்து நாள் கத்தினால் கதவு திறக்கும் என்ற பாடம் அதன் தலையில் ஏறிவிடும். அடுத்த முறை இருபது நாள் கத்தும்.

பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒன்று. பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். நனைந்தால் கட்டிப்படும் பென்டோனைட் களிமண் மணல் 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு. தினமும் அள்ள வேண்டும். கட்டிட வேலை மணலில் தூசி அதிகம், கட்டிப்படாது, ஒரே வாரத்தில் வீடு நாறும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தட்டை வேறொருவர் சுத்தம் செய்யட்டும். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியே வந்து தொற்றும் நிலையை அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும் என்பதால் அன்றாடம் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு.

திடீர் அடைப்பால் வரும் உண்மையான அபாயம் கடுவனின் சிறுநீர் அடைப்பு. மன அழுத்தம், குறைந்த தண்ணீர், உலர் தீனி மட்டும் என்று மூன்றும் சேர்ந்தால் வாய்ப்பு அதிகம். மணல் தட்டில் போய்ப் போய் உட்காருகிறது, முக்குகிறது, சொட்டுக்கூட வரவில்லை, அந்த இடத்தையே நக்குகிறது என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஓரிரு நாளில் உயிர் போகும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உலர் தீனியில் பாதியைக் குறைத்து, உப்புப் போடாமல் வேகவைத்த மீனைச் சாறோடு கொடுத்தால் தண்ணீர் தானாகவே உள்ளே போகும்.

கம்பிவலை பால்கனி: வேலையில் எங்கே கோட்டை விடுகிறார்கள்

அடுக்குமாடியில் இதுதான் சரியான வழி. ஆனால் புறா வராமல் அடிக்கும் நைலான் வலையைப் பூனைக்கும் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். போதாது. பூனை அதைக் கடித்து அறுக்கும். நாலு கிலோ எடை அதில் தொற்றி ஏறும்போது, வெயிலில் நைந்த பிளாஸ்டிக் கொக்கி பிடுங்கிக்கொள்ளும். வலைக்கண் ஒன்றரை இரண்டு அங்குலம் என்றால் குட்டியின் தலை நுழையும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

கேட்டு வாங்க வேண்டியது 1 அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், ஒரு அங்குலச் சதுரக் குழாய்ச் சட்டத்தில் பற்றவைத்தது. சட்டத்தைச் சுவரில் ஆங்கர் போல்ட்டால் பிடிக்க வேண்டும். கீழே தண்ணீர் போக விடும் இடைவெளி ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் பவுடர் கோட்டிங் இல்லாமல் எடுக்காதீர்கள், பற்றவைத்த முனைகளில்தான் துரு முதலில் பிடிக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, கழற்றக்கூடிய சட்டமாகச் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது எல்லோரும் போடும் இன்விசிபிள் கிரில், அதாவது மெல்லிய ஸ்டீல் கம்பிகளை இழுத்துக் கட்டும் தடுப்பு, குழந்தைகளுக்காக வந்தது. 3 அங்குல இடைவெளியில் பெரிய பூனையே ஒருக்களித்து வெளியேறிவிடும். 2 அங்குலம் என்று வாங்கினாலும் கம்பி வளைந்து கொடுக்கும், குட்டிக்கு அது தடையே இல்லை. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு உள்பக்கம் மெஷ் அடிப்பதோடு நிறுத்தாதீர்கள். பூனை ஏறும் பிராணி, மேலே மிச்சமிருக்கும் இடத்தைத்தான் தேடிப்போகும். மேல்விளிம்பு வரை அடிக்க வேண்டும்.

ஜன்னலில் வெல்க்ரோவில் ஒட்டிய கொசுவலை வெறும் திரை. எதிர்ச்சுவரில் அணிலைப் பார்த்துப் பாய்கிற பூனை வலையோடு சேர்ந்து கீழே போகும். 304 தர ஸ்டீல் வலையை அலுமினியச் சட்டத்தில் மாட்டுங்கள். அது நகரும் வகை என்றால் ஒரு ஸ்டாப்பரும் வேண்டும். பாதத்தால் பக்கவாட்டில் தள்ளித் திறக்க எந்தப் பூனையும் கற்றுக்கொள்ளும்.

"பூனைக்கு என்ன, எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும்" என்பார்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய 90 சதவீதம் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் அது சிகிச்சை கிடைத்த பூனைகளின் கணக்கு. நெஞ்சில் அடி, கிழிந்த அண்ணம், உடைந்த தாடை, கால் என்று வந்தவை நிறைய. விழுந்த இடத்திலேயே செத்தவை மருத்துவமனைக் கணக்கில் வருவதில்லை.

உள்ளே நாலைந்தடி உயரத்தில் ஓரடி அகலப் பலகை ஒன்றை அடித்துவிட்டால் பூனை நாள் முழுக்க அங்கேதான் கிடக்கும். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் டைல்ஸில் கால் வைக்க முடியாது. நிழல் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுங்கள்.

பகலில் வெளியே, ராத்திரி உள்ளே

தனி வீட்டில் ஜன்னல், ஓட்டுச் சந்து, பாத்ரூம் வென்டிலேட்டர் என்று வழி ஆயிரம். முழு அடைப்பு நடைமுறையில் தோற்கும். ஆனால் ஆபத்தெல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. தெருநாய்க் கூட்டம் தெருவைத் தனதாக்கிக்கொள்வது, கடுவன்கள் மோதுவது, வண்டிக்காரர் கண்ணுக்குப் பூனை தெரியாமல் போவது எல்லாம் இருட்டிய பிறகுதான் அதிகம். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை மட்டும் கையில் எடுத்துக்கொள்வது இந்த முறை.

இது சாப்பாட்டால் நடக்கிற வேலை. நாள் முழுக்கத் தட்டு நிறைந்தே இருக்கும் வீட்டில் பூனைக்கு எந்த நேரத்துக்கும் வர வேண்டிய கட்டாயம் இல்லை. காலையில் மூன்றில் ஒரு பங்கு, சாயங்காலம் ஆறு, ஆறரைக்குள் மீதி. நடுவில் ஒன்றும் இல்லை. சாயங்காலத் தட்டு வைக்கும்போது மட்டும் ஒரே சத்தம் எழுப்புங்கள், தகர டப்பாவில் கரண்டியால் தட்டுவது நன்றாகவே வேலை செய்யும். முதல் ஒரு வாரம் பூனை வீட்டுக்குள் இருக்கும்போதே இதைப் பழக்க வேண்டும். சாப்பிட்டதும் உடனே கதவைச் சாத்தாமல், பத்து நிமிஷம் கயிறு, பந்து என்று விளையாட்டுக் காட்டிவிட்டுச் சாத்தினால், சாப்பாடு என்றாலே சிறை என்று அது கணக்குப் போடாது. காலையில் நன்றாக விடிந்த பிறகு திறங்கள். நாலு மணிக்குக் கத்தினால் எழுந்திருக்காதீர்கள்.

எங்கே சொதப்பும்? முதலில் எதிர்வீடு. பல பூனைக்கு இரண்டு மூன்று வீடு இருக்கும், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பெயர். அங்கே ஐந்து மணிக்கு மத்தி மீன் தலை கிடைத்தால் உங்கள் ஆறு மணி டப்பாவுக்கு மதிப்பில்லை. கழுத்துப்பட்டையில் ஒரு காகிதத்துண்டைச் சுற்றி செல்லோடேப் ஒட்டி அனுப்புங்கள்: "இது எங்கள் வீட்டுப் பூனை. உங்கள் வீட்டிலும் சாப்பிட்டால் இந்த எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்." இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் பதில் வந்துவிடும். பட்டை, இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும். கொக்கி வைத்த பட்டை முருங்கைக் கிளையிலோ கிரில்லிலோ மாட்டினால் தூக்குதான்.

அடுத்தது வாசல் தெளிக்கிற நேரம். விடியுமுன் கோலம் போடக் கதவு திறக்கும்போது காலிடுக்கில் பூனை நழுவிவிடும். ராத்திரி அதைக் கூடத்தில் விடாமல், மணல் தட்டும் தண்ணீரும் வைத்து ஒரு அறையில் விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

செலவு செய்ய முடிந்தால் கதவின் அடியில், பூனை தானே தள்ளிக்கொண்டு போய்வரும் சின்ன வழிப்பலகை பொருத்தலாம். நாலு நிலைப் பூட்டு உள்ளதாக வாங்கினால் சாயங்காலம் "உள்ளே மட்டும்" என்று திருப்பிவிடலாம், வந்த பூனை வெளியே போகாது. சாதாரணப் பலகை வழியாகத் தெருப் பூனைகளும் விருந்துக்கு வரும். மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் வகை அதைத் தடுக்கும், விலைதான் பல மடங்கு.

பக்கத்து வீட்டோடு சமாதானமும் இந்த முறையின் ஒரு பகுதி. மாடியில் காயும் வடகத்தில் நடப்பது, பூந்தொட்டியைக் கக்கூஸ் ஆக்குவது, கோழிக்குஞ்சைத் தூக்குவது மூன்றும்தான் வழக்கமான புகார்கள். உங்கள் கொல்லையில் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி மணலைக் கொட்டிக் கிளறி வைத்தால் பூந்தொட்டி தப்பிக்கும். வேட்டையைக் குறைக்க மணி கட்டுவது பெரிதாக உதவுவதில்லை. 2021இல் வெளியான எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வில், இறைச்சிப் புரதம் அதிகமுள்ள தீனி கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிஷம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. மணியால் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. மோர்சாதம் மட்டும் போட்டு வளர்க்கிற பூனை பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

மார்பு வார், டிராக்கர்

வார் மாட்டி நடத்துவது நம் தெருக்களுக்குப் பொருந்தாது. நாய் ஒன்று குரைத்தால் பூனை பின்பக்கமாகச் சுருண்டு இழுத்து வாரிலிருந்து உருவிக்கொள்ளும், அல்லது உங்கள் தோள் மேல் நகம் பதித்து ஏறும். மொட்டை மாடிக்கு மட்டும் இது நல்ல ஏற்பாடு. வாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. வீட்டுக்குள் ஒன்றிரண்டு வாரம் மாட்டிப் பழக்கிய பிறகே மேலே கொண்டுபோங்கள்.

டிராக்கரைப் பொறுத்தவரை மூன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மைக்ரோசிப் என்பது தோலுக்கடியில் போகும் அரிசி மணி அளவு அடையாளச் சில்லு. 15 இலக்க எண்ணைத் தவிர அதில் ஒன்றும் இல்லை, பேட்டரி இல்லை, இருக்குமிடம் காட்டாது. கிடைத்த பூனை யாருடையது என்று நிரூபிக்க உதவும். ஆப்பிளின் ஏர்டேக் போன்றவை எடை குறைந்தவைதான், ஆனால் பக்கத்தில் யாராவது ஐபோனோடு போனால்தான் இடம் தெரியும். அண்ணா நகர் அடுக்குமாடியில் ஓரளவு வேலை செய்யும், தென்னந்தோப்பில் செய்யாது. சிம் போட்ட ஜிபிஎஸ் கருவிதான் உண்மையிலேயே பின்தொடரும். அதற்கு மாதக் கட்டணம் உண்டு, சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும், கான்கிரீட் படிக்கட்டுக்கடியில் பூனை படுத்தால் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். கழன்றுகொள்ளும் பட்டையில் கட்டினால் கருவி தொலையும், கழலாத பட்டையில் கட்டினால் பூனைக்கு ஆபத்து. டிராக்கர் எந்த நாயையும் தடுக்காது என்பதால் இதைத் தனி வழியாகவே எடுத்துக்கொள்ள முடியாது. ராத்திரிப் பூட்டோடு சேர்த்து ஒரு வாரம் கட்டிப் பார்த்து, எந்த வீட்டில் சாப்பிடுகிறது என்று கண்டுபிடிக்க வாங்கினால் பணத்துக்குப் பலன் உண்டு.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 900க்கும் மேற்பட்ட வீட்டுப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கட்டிப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரும்பாலானவை வீட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளேயே பொழுதைக் கழித்தன. ஊர் சுற்றுகிறது என்று நாம் திட்டுவது பெரும்பாலும் மூன்றாவது வீட்டு மாடிப்படிக்கு.

வரவில்லை என்றால், வந்துவிட்டால்

காணாமல்போன 1,200க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி 2018இல் வந்த ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி 500 மீட்டருக்குள் இருந்தன. உயிரோடு கிடைத்தவற்றில் பெரும்பங்கு முதல் வாரத்திலேயே கிடைத்தன. அதிகம் உதவியது, நேரில் போய்த் தேடியதுதான். வாட்ஸ்ஆப் குழுவில் படம் போட்டுவிட்டுக் காத்திருப்பது தேடலில் சேராது. முதல் நாளே பக்கத்து வீடுகளின் மோட்டார் ரூம், படிக்கட்டுக்கடி, சம்ப், பூட்டிய கடை, சாமான் அறை, கார் பானெட் எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். "இங்கே வரவில்லை" என்று வாசலில் நின்று சொல்வதை ஏற்காதீர்கள். கதவு திறந்திருந்த நேரத்தில் நுழைந்து மாட்டிக்கொண்ட பூனை, புது இடத்தில் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. நள்ளிரவுக்கு மேல் டார்ச்சைக் கண்ணுயரத்தில் பிடித்துப் போனால் கண் மின்னுவது தெரியும்.

திரும்பி வந்ததும் நகத்தைப் பாருங்கள். நுனி தேய்ந்து பிசிறடித்திருந்தால் வண்டியில் அடிபட்டிருக்கலாம், நடை சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனைக் கடியின் துளை ஒரே நாளில் மூடிக்கொள்ளும், இரண்டு நாலு நாள் கழித்து உள்ளே சீழ் கட்டி வீங்கும். வாலடியும் கன்னமும்தான் வழக்கமான இடங்கள். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். நாய்க்கு ஊற்றும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால், அதுவும் குண்டுப் பூனை என்றால், கல்லீரல் கெடும், காத்திருக்கக் கூடாது. ரேபிஸ் ஊசி போட்ட பூனையே உங்களைக் கடித்திருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டிலுள்ள இன்னொரு பூனை, திரும்பி வந்த பூனையைப் பார்த்துச் சீறினால் அது பகை இல்லை, வாசனை மாறியிருக்கிறது. ஒரு நாள் தனி அறையில் வைத்து, இரண்டின் படுக்கைத் துணியையும் மாற்றிப் போட்டால் அடங்கிவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தவரும் இரண்டு சமயத்தில் முழு அடைப்புக்கு மாற வேண்டும். ஒன்று தீபாவளி: முந்தின நாள் மதியமே உள்ளே வைத்துக்கொண்டு, வெடிச்சத்தம் ஓய்ந்த மறுநாள் காலைவரை திறக்கக் கூடாது. இன்னொன்று வீடு மாறுவது: புது வீட்டில் குறைந்தது மூன்று வாரம், நாலு வாரம் உள்ளேயே. அதற்குமுன் விட்டால் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் மாறியிருந்தால் போய்ச் சேர்ந்தும்விடும் என்பதால், சாவியை ஒப்படைக்கும்போதே அடுத்த குடித்தனக்காரரிடம் போன் நம்பரைக் கொடுத்து, பூனை வந்தால் சோறு வைக்காமல் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.